மார்பின் பாட்டிலுக்குப் பக்கத்தில் மெக்னீசியம்

புற்றுநோய் முற்றிய ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற பையில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேர்ந்தே இருக்கும். ஒன்று வலிக்கான மார்பின் சிரப். மற்றது மலம் இளகுவதற்கான மருந்து. பினாங்கில் மருந்தாளராக வேலை பார்க்கிற நான் கண்டவரை, வீட்டார் முதல் பாட்டிலைப் பார்த்துப் பயப்படுவார்கள். இரண்டாவதை ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். "தங்கச்சி, இது போதை மருந்துதானே? அப்பா இதுக்கு அடிமையாயிட மாட்டாரா?" என்று கேட்காத பிள்ளைகள் குறைவு. அதே ஆள் கொஞ்ச நேரத்தில் சத்து மாத்திரை அலமாரியைக் காட்டி, "மெக்னீசியம் வலிக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அதையே கொடுத்துப் பார்க்கலாமா?" என்பார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். மார்பின் என்ற மூலக்கூறையும் மெக்னீசியம் என்ற தனிமத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். படிவம் நான்கு வேதியியல் ஞாபகம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மார்பினும் அதைப் போல வேலை செய்யும் மருந்துகளும் சேர்ந்த குடும்பத்துக்கு ஓபியாய்டு என்று பெயர். எல்லா வலி மாத்திரையும் ஓபியாய்டு கிடையாது. வீட்டில் எப்போதும் இருக்கிற பனடோல் ஓபியாய்டு இல்லை. பல்வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் கிளினிக்கில் கொடுக்கிற பொன்ஸ்தானும் இல்லை. மார்பின், கோடீன், ஆக்சிகோடோன், ஃபென்டனில், டிராமடால் ஆகியவைதான் ஓபியாய்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. முதுகுவலிக்கு வாங்கிவந்த டிராமடால் இந்தக் குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதை மிச்சம் வைத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் மூதாதை அபின். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்தால் அபின். நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா அதே செடியின் விதைதான். ஆனால் மார்பின் இருப்பது காயின் பாலில். விதையில் ஒட்டியிருப்பது சொற்பம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரீட்ரிக் செர்டூர்னர் என்ற இளம் ஜெர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து மார்பினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுவரை அபினைக் கொடுத்த எந்த மருத்துவருக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியாது. ஒரு செடியின் பாலில் மார்பின் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். பிரித்தெடுத்த பிறகுதான் இத்தனை மில்லிகிராம் என்று நிறுத்துக் கொடுக்க முடிந்தது. மருந்தாளர் என்ற முறையில், அவர் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பினாங்கில் அபின் மீதுள்ள பயத்துக்கு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அபின் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். பினாங்கும் சிங்கப்பூரும் மலாக்காவும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில் பெரிய பங்கு அதிலிருந்து வந்தது. 1910-இல் அந்த வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்டது. புகைத்து மெலிந்துபோன மனிதர்களை இந்த ஊர் பல தலைமுறைகள் பார்த்திருக்கிறது. பிறகு 1952-ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் வந்தது. மார்பின் இன்றும் அதன் கீழ்தான் வருகிறது. ஆகவே அப்பாவின் பெயர் ஒட்டிய பாட்டிலில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது மனம் பதறுவது இயல்பு. ஆனால் அளந்து, நேரம் தவறாமல், ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கிற மார்பின் வேறு விஷயம். எப்படி என்று பார்ப்போம்.

மார்பின் உடலுக்குள் என்ன செய்கிறது

மார்பின் ஒரு சின்ன மூலக்கூறு. 17 கார்பன், 19 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் ஐந்து வளையங்களாகப் பின்னிக் கிடக்கின்றன. நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஓபியாய்டு ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. மார்பின் அவற்றில் போய்ப் பொருந்துகிறது. இந்த ஏற்பிகள் இருப்பதை விஞ்ஞானிகள் 1973-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். உடனே ஒரு கேள்வி எழுந்தது: எங்கோ வளரும் செடியின் பாலுக்கு மனித மூளையில் ஏன் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பதிலைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் செடிக்காக இருந்ததே இல்லை. நம் உடலே என்கெஃபலின் என்ற பொருளைச் செய்கிறது. ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. அதன் ஒரு முனையின் வடிவம் மார்பினின் ஒரு பகுதியை ஒத்திருக்கிறது. அதனால்தான் மார்பின் அந்த இடத்தில் உட்கார முடிகிறது.

உட்கார்ந்ததும் நரம்பணுவுக்குள் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. கால்சியம் உள்ளே வரும் வாசல் ஒடுங்குகிறது; பொட்டாசியம் வெளியே போகும் வாசல் திறக்கிறது. கால்சியம் வராவிட்டால் அந்த அணுவால் வலிச் செய்தியை அடுத்த அணுவுக்குக் கடத்த முடியாது. பொட்டாசியம் வெளியேறினால் அடுத்த அணு எளிதில் தூண்டப்படாது. முதுகுத்தண்டில் இது நடந்தால் வலி மேலே போவது குறைகிறது. மூளையில் நடந்தால், வலி இருந்தாலும் அது முன்போல் வாட்டுவதில்லை. மூச்சு விடச் சொல்லும் மூளைத்தண்டுப் பகுதியிலும் இதே ஏற்பிகள் உண்டு. அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நின்றே போகலாம். மார்பினால் வரும் உண்மையான ஆபத்து இதுதான்.

பழகிப் போவதைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாள்பட எடுக்கும்போது அதே அளவு மருந்துக்குப் பலன் குறையலாம், அது தாங்குதிறன். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, கொட்டாவி, வயிற்றுப்போக்கு, உடல் நடுக்கம் வரலாம். அது உடல் பழகிவிட்டதன் அடையாளம். அதனால்தான் நிறுத்த வேண்டி வந்தால் படிப்படியாகக் குறைப்பார்கள். அடிமைத்தனம் என்பது இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது: கேடு என்று தெரிந்தும் அந்தப் பொருளைத் தேடி அலைய வைக்கும் கட்டுக்கடங்காத வேட்கை. புற்றுநோய் வலியில் துடிக்கும் ஒருவர் அடுத்த வேளை மருந்தை நேரம் பார்த்துக் கேட்பது வேட்கையில்லை. வாய்வழி மார்பின் சிரப்பின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அவர் கேட்பது வலி திரும்பி வருவதால். அந்த நேரத்தில் "கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா" என்று சொல்லித் தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் கனத்துப் போகிறது. அவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

வடக்கு மாநிலங்களில் இருப்பவர்களுக்குக் கெத்தும் இலை தெரிந்திருக்கும். கெடாவிலும் பெர்லிசிலும் இயல்பாக வளரும் மரம். இலையைக் காய்ச்சிக் குடிப்பார்கள். அதில் உள்ள மித்ராகைனின் என்ற பொருளும் இதே ஓபியாய்டு ஏற்பிகளைத்தான் தொடுகிறது. இங்கே பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி நீண்டகாலமாக ஆய்வு நடக்கிறது. இயற்கை இலைதானே என்று மார்பின் எடுக்கும் ஒருவருக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது. ஒரே ஏற்பியில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். அளவு யார் கையிலும் இருக்காது.

வயிறு ஏன் கட்டிக்கொள்கிறது

அந்த இரண்டாவது பாட்டிலுக்கு வருவோம். ஓபியாய்டு ஏற்பிகள் குடல் சுவரில் ஓடும் நரம்புகளிலும் ஏராளம். அங்கே மார்பின் சேர்ந்தால் குடலின் அலை அசைவு தளர்கிறது. குடல் நீர் சுரப்பது குறைகிறது. உள்ளே இருப்பது அதிக நேரம் தங்குவதால் இருக்கிற நீரும் உறிஞ்சப்பட்டுக் கல்லாகிறது. இதற்கு நல்ல அத்தாட்சி வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற லோபெரமைடு. அதுவும் ஓர் ஓபியாய்டுதான். சாதாரண அளவில் மூளைக்குள் போய்ச் சேராததால் வலியையும் போக்காது, மயக்கமும் தராது; குடலை மட்டும் நிறுத்தி வைக்கும்.

மார்பின் தொடங்கிய முதல் சில நாட்களில் வரும் குமட்டலும் தூக்கமும் பலருக்குத் தானாகக் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும். ஆகவே மலம் இளக்கும் மருந்தை மார்பின் தொடங்கும் அன்றே தொடங்க வேண்டும். நாலு நாள் கட்டிக்கொண்ட பிறகு இல்லை. வயிறு கட்டி, வாந்தி வந்து, சாப்பிட முடியாமல் போய், அதனால் மார்பினையே வேண்டாம் என்று ஒதுக்கிய நோயாளிகள் உண்டு. வலி திரும்பி வந்தது. உண்மையான காரணம் அந்த மூலையில் கிடந்த பாட்டில்.

இசப்கோல் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். இந்த நிலையில் வேண்டாம். நார் உப்பி மலத்தின் பருமனைக் கூட்டும். தள்ள வேண்டிய குடல் அசையாமல் கிடக்கிறது. நோயாளியும் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. அடைப்பில் போய் முடியலாம். குடலை அசைக்கும் சென்னா, நீரை இழுக்கும் லாக்டுலோஸ் ஆகியவற்றைத்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவார்கள். நீரை இழுக்கும் அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றுதான் மில்க் ஆஃப் மெக்னீசியா என்ற வெள்ளைத் திரவம். மெக்னீசியம் இந்தக் கதைக்குள் வருவது இப்படித்தான்.

இரண்டு எலக்ட்ரான்களை விட்ட அணு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மெக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தியது ஞாபகம் இருக்கும். கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சம், அப்புறம் வெள்ளைச் சாம்பல். அந்தச் சாம்பல் மெக்னீசியம் ஆக்சைடு. மெக்னீசியத்தின் அணு எண் 12. எலக்ட்ரான்கள் 2, 8, 2 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிக்கூட்டில் இருக்கிற இரண்டையும் விட்டுவிட்டால் நிறைந்த கூடு மிஞ்சும் என்பதால், வாய்ப்புக் கிடைத்தால் அவற்றை ஆக்சிஜனுக்கோ குளோரினுக்கோ கொடுத்துவிடுகிறது. இந்த விருப்பம் எவ்வளவு பலமானது என்றால், எரியும் மெக்னீசியம் கார்பன் டைஆக்சைடிலிருந்துகூட ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கருப்புக் கார்பன் மிஞ்சும். அதனால் மெக்னீசியத் தீயை அந்த வாயுவால் அணைக்க முடியாது. இயற்கையில் மெக்னீசியம் உலோகமாகத் தனியே கிடைக்காததும் இதனால்தான். ஹம்ஃப்ரி டேவி 1808-இல் லண்டனில் மின்சாரத்தைப் பாய்ச்சி அதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

எலக்ட்ரான்களை விட்ட பிறகு இருப்பது இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட அயனி. மருந்துக்கடையில் இருப்பதும், பாசார் கீரையின் பச்சையத்தில் நடுவே உட்கார்ந்திருப்பதும், பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் கடல்நீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலாகக் கரைந்திருப்பதும் இந்த அயனிதான். எரியும் உலோகம் இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் சுமார் 25 கிராம் இருக்கும். பாதிக்கு மேல் எலும்பில். மீதி பெரும்பாலும் செல்களுக்குள். இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த அயனிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கால்சியம் அயனிக்கும் இதே மின்னூட்டம்தான். ஆனால் மெக்னீசியம் அயனி அதைவிடச் சின்னது. அதே மின்னூட்டம் சிறிய இடத்தில் குவிந்திருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. கரைசலில் ஒவ்வொரு மெக்னீசியம் அயனியைச் சுற்றியும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டி நிற்கும், எளிதில் விடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

மில்க் ஆஃப் மெக்னீசியா என்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. அது தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். அந்த வெண்மை கரையாமல் மிதக்கும் துகள்கள். அதனால் பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே தண்ணீரும் அடியில் மருந்தும்தான். இரைப்பையில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்ததும் அது மெக்னீசியம் குளோரைடாகவும் தண்ணீராகவும் மாறுகிறது, நெஞ்செரிச்சல் அடங்குகிறது. குளோரைடு நன்றாகக் கரையும், ஆனால் அந்த அயனியைக் குடல் மெதுவாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சப்படாமல் குடலில் நிற்கும் அயனிகள் சவ்வூடு பரவல் விதிப்படி நீரைக் குடலுக்குள் தேக்கி வைக்கின்றன. இறுகிய மலம் இளகுகிறது. பேதி உப்பு என்று நம் பாட்டிமார் சொன்ன எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், செய்வதும் இதே வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த அயனி தண்ணீரை மட்டும் பிடிப்பதில்லை. ஆக்சிஜன் அணுக்கள் வசதியாக அமைந்த வேறு மருந்து மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்ளும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்த்துக் கொடுத்தால் அவை இரத்தத்துக்குப் போகாமல் குடலிலேயே சிக்கிக்கொள்ளும். நரம்பு வலிக்குக் கொடுக்கிற கபாபென்டினும் மெக்னீசியம் உள்ள அமிலமுறி மருந்தோடு (நெஞ்செரிச்சல் மருந்து) சேர்ந்தால் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. எத்தனை மணி நேர இடைவெளி விட வேண்டும் என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; ஒரே வாயில் எல்லாவற்றையும் போட்டு விழுங்க வேண்டாம்.

அப்படியானால் மெக்னீசியம் வலியைக் குறைக்குமா?

இந்தக் கேள்விக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. முதுகுத்தண்டு நரம்பணுக்களில் என்எம்டிஏ என்ற ஏற்பி உண்டு. நடுவில் அயனிகள் செல்ல ஒரு வழி இருக்கும். சாதாரண நேரத்தில் அந்த வழியின் வாயில் ஒரு மெக்னீசியம் அயனி போத்தல் மூடி போல அடைத்துக்கொண்டு நிற்கிறது. கால்சியம் தன் தண்ணீரைக் கழற்றிவிட்டு உள்ளே நழுவிவிடும். மெக்னீசியத்தால் அப்படி எளிதில் கழற்ற முடியாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 1984-இல் இதைக் கண்டறிந்தார்கள். வலி ஓயாமல் வந்து தாக்கும்போது அணுவின் மின்னழுத்தம் மாறி மெக்னீசியம் விலகுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்த நரம்பு கூர்மையாகி, லேசாகத் தொட்டாலே வலிக்கும் நிலைக்கு வருகிறது. ஓபியாய்டின் பலன் நாள்பட மங்குவதிலும் இந்த ஏற்பிக்குப் பங்கு உண்டு.

இதனால்தான் சில அறுவை சிகிச்சைகளில் மயக்க மருத்துவர்கள் மெக்னீசியம் சல்பேட்டை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். அதன் பிறகு தேவைப்படும் மார்பின் ஓரளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது கண்காணிப்புக் கருவிகள் சூழ்ந்த அறையில், அளந்து செலுத்தப்படுவது. நீங்கள் வாங்கும் மாத்திரை அப்படி இல்லை. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும். கூடுதலாக வருவதைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். இரத்தத்திலிருந்து மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் போவதும் குறைவு. புற்றுநோய் வலியில் இருப்பவருக்கு மார்பினை நிறுத்திவிட்டு மெக்னீசியம் மாத்திரை கொடுப்பது அவரை வலியில் விடுவதுதான். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

சிறுநீரகம் என்று வந்தபோதே மிக முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களில் சர்க்கரை நோயும் அதன் பின்னே வரும் டயாலிசிசும் புதிதில்லை. மெக்னீசியம் வெளியேறும் வழி சிறுநீரகம். மார்பினைக் கல்லீரல் மாற்றியமைக்கும். அப்படி உண்டாகும் பொருட்களில் ஒன்று மார்பினைப் போலவே வலுவானது. அவையும் சிறுநீரகம் வழியாகத்தான் போக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இரண்டுமே உடலில் சேரும். மெக்னீசியம் அதிகமானால் தசை தளர்ந்து, மூச்சு பலவீனமாகும். மார்பின் பொருட்கள் சேர்ந்தால் தூக்கம் கூடி, மூச்சு குறையும். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மில்க் ஆஃப் மெக்னீசியாவையோ பேதி உப்பையோ யாரையும் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். மார்பின் எழுதும் மருத்துவரிடமும் "சிறுநீரகம் சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; வேறு ஓபியாய்டையோ குறைந்த அளவையோ தேர்ந்தெடுப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. சிரப்பைச் சாப்பாட்டுக் கரண்டியில் ஊற்றாமல், கொடுத்த ஊசியில்லாச் சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறலாம். புதுப் பாட்டில் வந்ததும் லேபிளை மறுபடி படியுங்கள். கொடுத்த நேரத்தையும் மலம் போன நாளையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். தூக்க மாத்திரை, மது இரண்டும் மார்பினோடு சேரக் கூடாது. எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் உடனே 999. மருத்துவமனையில் நலோக்சோன் என்ற மருந்து மார்பினை ஏற்பியிலிருந்து விலக்கிவிடும். நோயாளி தவறிவிட்டாலோ மருந்து மாறினாலோ மிச்சமிருக்கும் மார்பினைச் சமையலறையில் வைக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். மருந்து வாங்கிய அரசு மருத்துவமனையின் மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம். காரணம் கேட்டு யாரும் உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள்.